ஆறட்டும், விடுங்கள்: ரிலாக்ஸ் ஆவதற்கு ஒரு கைக்குறிப்பு

போன வருடம் கழுத்து வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போயிருந்தேன். பெல்ட், மோதிரம், பர்ஸ் எல்லாவற்றையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு அந்தக் குறுகலான பலகையில் படுத்ததும், டெக்னீஷியன் பையன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒரு சட்டத்தைப் பூட்டி, "ரிலாக்ஸா இருங்க சார், அசையாம படுத்தா இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவர் ரிலாக்ஸ் என்று சொன்ன விநாடியிலிருந்து என்னால் ரிலாக்ஸாக இருக்க முடியவில்லை. மூக்கு அரித்தது. எச்சில் விழுங்க வேண்டும் போலிருந்தது, விழுங்கினால் அசைந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது, பயந்ததால் வாயில் இன்னும் எச்சில் ஊறியது. இதற்கிடையே தகர டப்பாவைச் சுத்தியலால் அடிப்பது போல டக் டக் டக் என்று சத்தம். எட்டாவது நிமிடம் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன். படம் கலங்கிப் போயிருந்தது, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் தவித்துக்கொண்டிருந்த அந்த எட்டு நிமிடமும் என் உடம்பிலிருந்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நூற்றுக்கணக்கான தடவை ரிலாக்ஸ் ஆகிக்கொண்டிருந்தன. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. இயற்பியலில் அதற்குப் பெயரே ரிலாக்சேஷன்தான், நம் பாடப்புத்தகத் தமிழில் தளர்வு. எம்.ஆர்.ஐ. படம் என்பதே எந்த இடத்து ஹைட்ரஜன் எவ்வளவு நேரத்தில் தளர்கிறது என்பதன் வரைபடம்தான். வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இயற்பியல்காரர்கள் சொல்லும் தளர்வுக்கும் டெக்னீஷியன் சொன்ன ரிலாக்ஸுக்கும் வெறும் பெயர்ப் பொருத்தம் மட்டுமில்லை என்று எனக்குப் பட்டது. அந்த ஒற்றுமையை வைத்து நான் செய்துபார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க மாட்டேன். "குவாண்டம் ரிலாக்சேஷன்" என்று பணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலை எனக்கு வேண்டாம்.

முதலில் அந்த மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. சாதாரணமாக அவை கண்டபடி எல்லாப் பக்கமும் திரும்பி நிற்கும். 1.5 டெஸ்லா மெஷினில், அதாவது நம் ஊரில் பூமிக்கு இருக்கும் காந்தப்புலத்தைப் போல 30 ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவான புலத்தில், அவற்றில் ஒரு சிறு பங்கு புலத்தின் திசைக்கு வந்து நிற்கிறது. அப்போது ஒரு ரேடியோ அலையால் ஒரு தட்டு. எல்லாம் சாய்ந்துவிடும். அலை நின்றதும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். இப்படித் திரும்ப ஆகும் காலம்தான் டி1. தட்டிய உடனே எல்லாம் ஒரே தாளத்தில் சுழன்றுகொண்டிருக்கும், பள்ளிக்கூட அணிவகுப்பில் முதல் பத்தடி எல்லாரும் கால் சேர்த்து நடக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தாளம் தப்பும். அப்படிக் கலைய ஆகும் காலம் டி2. அந்த வலுவில் கொழுப்பின் டி1 ஏறக்குறைய கால் விநாடி, மூளையைச் சுற்றியுள்ள நீருக்கோ பல விநாடிகள். இந்த வித்தியாசம்தான் படத்தில் ஓர் இடத்தை வெள்ளையாகவும் இன்னோர் இடத்தைக் கறுப்பாகவும் காட்டுகிறது. எலிகளின் புற்றுக்கட்டியில் இந்தக் காலங்கள் நீண்டிருக்கின்றன என்று அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் டமாடியன் 1971-இல் காட்டினார். இதைப் படமாக எடுக்க வழி கண்ட லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் கிடைத்தது, டமாடியனுக்குக் கிடைக்கவில்லை. அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். தளர்வைக் கண்டவருக்கே தளர்வு வாய்க்கவில்லை.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு வினைச்சொல் இருக்கிறது

தளர்வு என்ற சொல் எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. தளர்ந்துபோனார் என்றால் சோர்ந்துபோனார் என்றும் அர்த்தம் வந்துவிடுகிறது. நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: ஆறு. காபி ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. இளைப்பு ஆறினால் இளைப்பாறல், களைப்பு ஆறினால் களைப்பாறல். மலேசியத் தமிழர்கள் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஔவையார் சொன்ன "ஆறுவது சினம்" எல்லாருக்கும் தெரியும். இவை எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: ஏதோ ஒன்று ஒரு நிலையிலிருந்து தள்ளப்பட்டுவிட்டது, தள்ளியது விலகிவிட்டது, இப்போது அது தானாக, தனக்கான நேரத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. இயற்பியலில் தளர்வுக்கான விளக்கமும் ஏறக்குறைய இதுவேதான்.

அந்த "தனக்கான நேரம்" என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 80 டிகிரி சூட்டில் காபியை வைத்துவிட்டீர்கள், அறை 30 டிகிரி. வித்தியாசம் 50. பத்து நிமிடத்தில் 55-க்கு வந்ததென்று வைத்துக்கொள்வோம், அதாவது வித்தியாசம் பாதியாகிவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் மீதி 25-உம் போய்விடாது, அதில் பாதிதான் போகும், 42-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். முதலில் வேகமாக இறங்கும், போகப் போக மெதுவாகிவிடும். இந்த மாதிரி ஆறும் எதற்கும் ஒரு காலக் கணக்கு சொல்வார்கள்: வித்தியாசத்தில் 63 சதவீதம் போக ஆகும் நேரம். அப்படி ஐந்து மடங்கு நேரம் போனால் மிச்சம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. மின்தேக்கியில் மின்னூட்டம் வடிவதற்கும் இதே கணக்குதான். தண்ணீரின் மூலக்கூறுகளை மின்புலத்தால் திருப்பிவிட்டால் அவை பழையபடி கலைய எட்டு ஒன்பது பிகோ விநாடி ஆகும், ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்ததில் எட்டோ ஒன்பதோ பங்கு. அளவு எவ்வளவு மாறினாலும் ஆறும் விதம் ஒன்றுதான்.

அவசரப்படுத்தினால்? காபியை டபராவில் ஊற்றி ஆற்றலாம். ஆறுவது தானாக நடப்பது, ஆற்றுவது நாம் செய்வது. ஆனால் ஆற்றும்போதும் நாம் சூட்டைக் கையால் பிடித்து வெளியே எடுப்பதில்லை, அது போக வழியைத்தான் அகலமாக்குகிறோம். கீழே சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாம் டபரா வேலைதான். அடுப்பை அணைக்காமல் டபராவைத் தூக்கிப் பிரயோஜனமில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆறும் நேரத்தை அளந்து பாருங்கள்

வாட்ச் எதுவும் வாங்க வேண்டாம், கடிகாரமும் இரண்டு விரலும் போதும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடியை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதிலேயே துடிப்பு இருப்பதால் குழப்பும். முதலில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஒரு தடவை. அப்புறம் மூன்று மாடி வேகமாக ஏறிவிட்டு ஒரு தடவை (இதய நோய், மூச்சுத்திணறல், மூட்டு வலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்). நின்ற பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை, இதற்கு மட்டும் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

எனக்குச் சும்மா இருக்கும்போது 72. மாடி ஏறியதும் 120. ஒரு நிமிடத்தில் 96-க்கு வந்தது, இரண்டாவது நிமிடத்தில் 84. ஏறக்குறைய காபிக் கணக்கு.

அதற்கு அடுத்த வாரம் வீட்டு மராமத்து விஷயமாக ஒருவரோடு போனில் கடுமையான வாக்குவாதம். வைத்ததும் ஏதோ தோன்றி நாடியைப் பார்த்தேன், 96. மாடிப்படிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் 88! 120-இலிருந்து இரண்டே நிமிடத்தில் 84-க்கு இறங்கிய அதே இதயம்தான் இது. ஏன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. மாடிப்படி முடிந்துவிட்டது, வாக்குவாதம் முடியவில்லை. போனை வைத்த பிறகும் அவர் சொன்னதற்கு நான் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அப்படிச் சொல்லியிருந்தால் அவர் இப்படிச் சொல்லியிருப்பார் என்று மனதுக்குள் நானே இரண்டு பேராகவும் பேசிக்கொண்டிருந்தேன். ரேடியோ அலையை நிறுத்தவே இல்லை. அணுக்கரு எப்படித் திரும்பும்?

இதற்கு உடம்பில் இன்னொரு காரணமும் உண்டு. பதற்றத்தில் முதலில் பாய்வது அட்ரினலின் என்ற ஹார்மோன், அது ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். பின்னாலேயே வருவது கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன். பதற்றம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும், பாதியாகக் குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "எனக்கு இப்போ கோபமே இல்லை, நிதானமாத்தான் பேசுறேன்" என்று சண்டை முடிந்த கால் மணியில் நாம் சொல்லும்போது கார்டிசால் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கக்கூடும். அதனால் நான் வைத்துக்கொண்ட விதி ஒன்று: சண்டைக்குப் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி கூடக் கிடையாது. டைப் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், டைப் செய்வதும் தட்டுதான்.

அடுப்பை அணைப்பது

இதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். போன் அறிவிப்புச் சத்தங்களை நிறுத்துங்கள், படுக்கையறைக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள். காபியை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை விடச் சொன்னால் எனக்கே கோபம் வரும். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போலாகும், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். மாலை ஐந்து மணிக்கு ஒரு டிகிரி காபி குடித்தால் ராத்திரி பத்து மணிக்கு அரை டம்ளர் காபி உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். படுக்கப் போகும்போது யாராவது அரை டம்ளர் காபி கொடுத்தால் குடிப்பீர்களா? நான் கடைசிக் காபியை மூன்று மணிக்குத் தள்ளினேன், முதல் வாரம் தலைவலி, அப்புறம் சரியாகிவிட்டது.

ஆற்றுவது: மூச்சு

நாடியில் இரண்டு விரலை வைத்தபடியே ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு மெதுவாக விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது நிதானப்படும். இளவயதுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், வயது ஏற ஏற வித்தியாசம் குறையும். வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இதயத்தை நிதானப்படுத்துவது அதன் வேலைகளில் ஒன்று, மூச்சை விடும்போது அதன் பிடி கூடுகிறது. அந்த நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் இதயத்தை மெதுவாக்குகிறது என்பதை 1921-இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பது அவருக்குக் கனவில் வந்ததாம். அரைத் தூக்கத்தில் எழுதிவைத்தார், காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை, அடுத்த ராத்திரி அதே கனவு மறுபடி வந்ததும் நேராகச் சோதனைக்கூடத்துக்கு ஓடிவிட்டார்.

செய்முறை எளிது. முதுகுக்குச் சாய்வு இருக்கும் இடத்தில் உட்காருங்கள், இடுப்பு வேட்டியோ பெல்ட்டோ இறுக்கமாக இருந்தால் தளர்த்திவிடுங்கள். மூக்கு வழியாக மனதுக்குள் நான்கு எண்ணி இழுங்கள், நெஞ்சு எழும்புவதைவிட வயிறு எழும்பட்டும். சூடான காபியை ஊதி ஆற்றுவதற்கு உதட்டைக் குவிப்போமே, அப்படிக் குவித்து ஆறு எண்ணி விடுங்கள். ஊத வேண்டாம், கசியவிட்டால் போதும். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம். நடுவில் மூச்சைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை. திருமூலர் பதினாறு மாத்திரை இழு, அறுபத்துநான்கு நிறுத்து, முப்பத்திரண்டு விடு என்று கணக்குச் சொல்கிறார். விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம், அறுபத்துநான்கு நிறுத்துவது குரு இல்லாமல் யூடியூபைப் பார்த்துச் செய்கிற காரியமில்லை.

தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ தேவைக்கு அதிகமாகக் காற்றை இழுத்துத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். ஆழத்தைக் குறைத்து, மெதுவாக மட்டும் விடுங்கள். வண்டி ஓட்டும்போது எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

தசை: தளர்வதற்கும் செலவு உண்டு

நான் படித்ததிலேயே என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது இதுதான். தசை இறுகுவதற்குச் சக்தி வேண்டும், தளர்வதற்கு எதுவும் வேண்டாம், விட்டால் தானாகத் தொங்கிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. தசையிழைக்குள் இருக்கும் சிறு பைகளிலிருந்து கால்சியம் வெளிவந்தால் தசை இறுகும். அது தளர வேண்டுமானால் அந்தக் கால்சியத்தைத் திரும்ப உள்ளே இறைத்துத் தள்ள வேண்டும், ஒன்றையொன்று பிடித்திருக்கும் இழைகளின் பிடியையும் விடுவிக்க வேண்டும். இரண்டுக்கும் ஏ.டி.பி. என்ற எரிபொருள் தேவை. அது தீர்ந்துபோனால் தசை தளராது, விறைத்துவிடும். வீட்டில் ஒருவர் இறந்துபோனால் பெரியவர்கள் அழுகைக்கு நடுவிலும் முதல் வேலையாகத் தாடையையும் கால் கட்டைவிரல்களையும் துணியால் கட்டிவிடுவார்கள் இல்லையா, சில மணி நேரத்தில் உடல் விறைக்க ஆரம்பித்துவிடும் என்பது அவர்கள் அனுபவத்தில் தெரிந்தது. ஏ.டி.பி. தீர்ந்த தசைதான் அது.

இதயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து ஓய்வே எடுக்காத உறுப்பு என்று மேடையில் சொல்வார்கள். நிமிடத்துக்கு 75 தடவை துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி, அதில் கீழறைகள் சுருங்கியிருப்பது சுமார் 0.3 விநாடி, மிச்ச 0.5 விநாடியும் தளர்ந்துதான் இருக்கின்றன. இதயத் தசைக்கு, முக்கியமாக இடது பக்கத்துக்கு, ரத்தம் பெரும்பாலும் கிடைப்பதே அந்தத் தளர்ந்த நேரத்தில்தான். துடிப்பு ரொம்ப வேகமானால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த நேரம்தான்.

சரி, நம் தோள்பட்டைக்கு வருவோம். மொட்டைமாடியில் புது நைலான் கொடிக்கயிற்றை விண்ணென்று இழுத்துக் கட்டுங்கள். ஒரு வாரத்தில் தொய்ந்திருக்கும். துணி எதுவும் காயப்போடாவிட்டாலும் அந்த இறுக்கம் இருக்காது. இதுவும் இயற்பியலில் ரிலாக்சேஷன்தான், ஆனால் கயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை, உள்ளேயிருக்கும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, இழுபட்ட நிலையையே தன் நிலையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மனிதர்களும் இதைத்தான் செய்கிறோம். எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் தோளைக் காதுவரை தூக்கிவைத்திருப்போம், பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம், கேட்டால் "எனக்கு டென்ஷனே கிடையாதுங்க" என்போம். பழகுவது வேறு, ஆறுவது வேறு. கொடிக்கயிறு விஷயத்தில் ஒப்புமை இதோடு நிற்க வேண்டும். கயிற்றை யாரும் திருத்த முடியாது, தோளைத் திருத்தலாம்.

திருத்த வழி சொன்னவர் சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். படுத்து ஓய்வெடுக்கிறோம் என்று நினைக்கிறவர்களின் தசையிலும் மிச்சமாக ஒரு இறுக்கம் நிற்கிறது என்பதை அவர் கருவி வைத்து அளந்து காட்டினார், தன் முறையை 1929-இல் புத்தகமாக எழுதினார். அவர் சொல்லிக்கொடுத்த விதத்தில் முழுதாகக் கற்க மாதக்கணக்கில் ஆகும், இப்போது நடைமுறையில் இருப்பது பின்னால் வந்தவர்கள் சுருக்கியது. நான் அதையும் சுருக்கி மூன்றே இடத்தில் செய்கிறேன்.

முதலில் வலது கை. பாயிலோ நாற்காலியிலோ சாய்ந்துகொண்டு முஷ்டியை மடக்குங்கள். முழு பலத்தோடு வேண்டாம், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற அளவு போதும். ஐந்தாறு விநாடி அப்படியே வைத்து, முன்கையில் எந்த இடம் இழுக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் சட்டென்று விட்டுவிடுங்கள். மெதுவாகத் திறக்காதீர்கள், அறுத்துவிட்ட மாதிரி விழட்டும். இப்போது இருபது முப்பது விநாடி சும்மா இருந்து, அந்தக் கை இன்னும் தளர்ந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. மடக்குவது முக்கியமில்லை, விட்ட பிறகு கையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். விட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும், பத்தாவது விநாடியில் விரல் ஒன்று தானாக இன்னும் கொஞ்சம் விரியும். எனக்கு அது சுண்டுவிரல். அடுத்து இடது கை, அதே மாதிரி.

அடுத்து தோள். காதைத் தொடுவது போல இரண்டு தோளையும் தூக்கி, நிறுத்தி, விழவிடுங்கள். அடுத்து தாடை. பல்லை லேசாகக் கடித்து, விட்டதும் நாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கீழே விடுங்கள். இரண்டு தாடையும் ஒட்டாமல், உதடு மட்டும் மூடியிருக்கட்டும். ஒவ்வொன்றும் இரண்டு தடவை, மொத்தம் ஏழெட்டு நிமிடம். சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கழுத்தில் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எனக்கு பிசியோதெரபிஸ்ட் தோளைத் தூக்கும் அளவைக் குறைக்கச் சொன்னார்.

ஆபீசில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் தாடையை மட்டும் செய்யுங்கள். மீட்டிங்கில் யாருக்கும் தெரியாது.

மனதுக்கு ஒரு சொல்

1970-களில் ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்கிறவர்களின் உடம்பை அளந்து பார்த்தார். அவர்களுக்கு ஆக்சிஜன் தேவை குறைந்தது, மூச்சு நிதானமானது. பதற்றத்துக்கு நேர் எதிரான ஒரு விளைவு உடம்பில் இருக்கிறது என்றும், அதைத் தூண்ட இரண்டு விஷயம் போதும் என்றும் சொன்னார்: ஒரு சொல்லையோ ஒலியையோ திரும்பத் திரும்பச் சொல்வது, நடுவில் வேறு எண்ணம் வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல் மறுபடி சொல்லுக்கே வந்துவிடுவது. என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து ராம ராம என்று சொல்லிக்கொண்டிருந்ததும், எதிர்வீட்டு அம்மா ஜெபமாலை உருட்டுவதும், பள்ளிவாசல் வாசலில் பெரியவர் தஸ்பீஹ் மணி எண்ணுவதும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். பக்தி இருந்தால் உங்கள் சொல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இல்லையென்றால் "ஒன்று" என்று சொல்லிக்கொண்டிருங்கள். ஒரு நாள் பத்து நிமிடம். நன்றாகச் செய்கிறோமா என்று மார்க் போடாதீர்கள், அதுவும் ஒரு தட்டு.

இதெல்லாம் செய்தும் மோசமானால்

சிலருக்கு ரிலாக்ஸ் ஆக முயன்றாலே பதற்றம் ஏறும். கண்ணை மூடியதும் இதயம் அடிப்பது காதில் கேட்கும், பிடி நழுவுவது போலிருக்கும். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, மனநல ஆய்வாளர்கள் 1980-களிலேயே இதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், உட்கார்ந்து செய்ததை நடந்துகொண்டு செய்யுங்கள். நான்கு அடி நடக்கும்வரை மூச்சை இழுத்து, ஆறு அடி நடக்கும்வரை விடுவது தெருவிலும் முடியும். அப்படியும் ஒத்துவரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பாத்திரம் தேய்ப்பதிலோ செடிக்குத் தண்ணீர் விடுவதிலோ ஆறுகிறவர்கள் நிறையப் பேர்.

நெஞ்சு வலி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் மூச்சுப் பயிற்சி செய்து பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிபி, தூக்கம், பதற்றம் இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பயிற்சியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது தடவை எம்.ஆர்.ஐ.க்குப் போனபோது அந்த டெக்னீஷியன் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இந்தத் தடவை "ரிலாக்ஸா இருங்க" என்று சொல்லவில்லை, "ஏதாவது எண்ணிக்கிட்டே இருங்க சார்" என்றார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது என்னைப் போல நூறு பேரைப் பார்த்துத் தானே கற்றிருக்க வேண்டும். முதலில் தாடையை விட்டேன். அப்புறம் நான்கு, ஆறு. டக் டக் சத்தம் ஆரம்பித்தபோது, இதோ தட்டுகிறான், இதோ திரும்புகிறது, கொழுப்பு முதலில் வந்துவிட்டது, தண்ணீர் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது, சிரித்தால் அசைந்துவிடுவோமே என்று மறுபடி எண்ணிக்கைக்கு வந்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது மூச்சில் பலகை வெளியே நகர்ந்தது.

வெளியே வந்தால் தம்பி கேண்டீனில் காபி வாங்கி வைத்திருந்தான். மணி நாலேகால். மூன்று மணிக்கு மேல் காபி கிடையாது என்ற விதியை அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை, ஊதி ஊதிக் குடித்துவிட்டேன்.